கார் ஏ.சி. கம்ப்ரஸருக்கு எந்த ஆயில், எவ்வளவு?

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "2013-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். போன வருடம் ஏ.சி. கம்ப்ரஸர் ஜாம் ஆகிவிட்டது. ரீகண்டிஷன் செய்த கம்ப்ரஸரை மாட்டி, ஆயில் ஊற்றி, கேஸ் அடித்துத் தந்தார் மெக்கானிக். ஐந்தே மாதத்தில் அதுவும் ஜாம். அவர் ஊற்றியது பழைய ஃபிரிட்ஜ்களுக்கு ஊற்றும் மினரல் ஆயில், அதனால்தான் போயிற்று என்கிறார் இன்னொருவர். முதலாமவரோ 'ஆயில் எல்லாம் ஒன்றுதான்' என்கிறார். யார் சொல்வது சரி? எந்த ஆயில், எவ்வளவு ஊற்ற வேண்டும்? கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதுமா?"

இரண்டாமவர் சொல்வதுதான் சரி. கம்ப்ரஸரை மட்டும் மாற்றினால் போதாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே, ஆயில் போய் வரும் பாதை.

இன்ஜின் என்றால் அடியில் ஆயில் நிற்க ஒரு தொட்டி உண்டு, அதை மேலே ஏற்ற பம்ப் உண்டு. உங்கள் கார் போன்ற சிறிய கார்களின் ஏ.சி. கம்ப்ரஸரில் அப்படி எதுவும் இல்லை. ஆயில் கேஸோடு கலந்து கண்டென்சர் (சூடான கேஸை ஆற்றும் பாகம்), டிரையர் (ஈரத்தை உறிஞ்சும் குப்பி), எக்ஸ்பான்ஷன் வால்வு (கேஸை அளந்து விடும் குறுகிய வால்வு), கூலிங் காயில் எல்லாம் சுற்றிவிட்டுக் கேஸோடேயே கம்ப்ரஸருக்குத் திரும்ப வேண்டும். அதற்கு அந்த ஆயில் அந்தக் கேஸில் கரைய வேண்டும். உங்கள் காரில் இருப்பது ஆர்-134ஏ கேஸ். மினரல் ஆயில் அதில் கரையாது. கம்ப்ரஸரை விட்டு வெளியே போன ஆயில் கூலிங் காயிலிலும் குழாய் வளைவுகளிலும் தங்கிவிடும். கம்ப்ரஸர் கொஞ்சம் கொஞ்சமாக வறண்டுபோகும். உள்ளே மிச்சமிருக்கும் ஆயில் தாக்குப்பிடிக்கும் வரை கூலிங் நன்றாகவே வரும், சந்தேகமே எழாது. ஐந்து மாதம் ஓடியது அப்படித்தான்.

உங்கள் மெக்கானிக் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். பழைய மாருதி 800, அம்பாசிடர் காலத்தில் ஏ.சி. என்றால் ஆர்-12 கேஸ், அதற்கு மினரல் ஆயில்தான் சரியான ஆயில். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்து, தொண்ணூறுகளில் கார் உலகம் ஆர்-134ஏ-வுக்கு மாறியபோது ஆயிலும் மாறியது. அந்தக் காலத்தில் தொழில் பழகிய கை இன்னும் பழைய டப்பாவையே தேடுகிறது. இதை ஒவ்வொரு வேலைக்காரருக்கும் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்பது என் விருப்பம், ஏனென்றால் நஷ்டம் அவருக்கும்தான்.

ஆர்-134ஏ-வுக்கு ஊற்ற வேண்டியது பேக் (பி.ஏ.ஜி.) எனப்படும் செயற்கை ஆயில். அதிலும் 46, 100, 150 என்று எண்கள் உண்டு. 40 டிகிரி வெப்பத்தில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதற்கான அளவு அது. 46 மெலிசு, 150 கெட்டி. நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றுக்கு 46 தான். டென்சோ கம்பெனியின் கம்ப்ரஸரில் 'என்டி ஆயில் 8' என்று எழுதியிருந்தால் அதுவும் இந்த வகைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் அதே மாடல் வைத்திருக்கிறார் என்று அவர் ஆயிலை வாங்காதீர்கள். ஒரே மாடலிலும் வருடத்துக்கு வருடம் கம்ப்ரஸர் கம்பெனி மாறியிருக்கும். கம்ப்ரஸரின் உடம்பில் ஒட்டியிருக்கும் லேபிளையும் பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஏ.சி. ஸ்டிக்கரையும் டார்ச் அடித்துப் படியுங்கள். கேஸ் வகை, ஆயில் வகை அங்கே இருக்கும். அழிந்துபோயிருந்தால் கம்ப்ரஸரின் பார்ட் நம்பரைச் சொல்லி உதிரிபாகக் கடையில் கேளுங்கள். ரீகண்டிஷன் கம்ப்ரஸர் என்பதால் அது உங்கள் காரோடு வந்த அதே வகைதானா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சரி, எவ்வளவு ஊற்றுவது? பலரும் கோட்டைவிடும் இடம் இது. உங்கள் காரைப் போன்றவற்றில் மொத்த ஏ.சி. அமைப்புக்குமான ஆயிலே பெரும்பாலும் 100 மில்லிக்கு முன்னே பின்னேதான், அதாவது ஒரு சின்ன டீ கிளாஸ் அளவு. புதுக் கம்ப்ரஸர்கள் பல, மொத்த அமைப்புக்கும் வேண்டிய ஆயிலை உள்ளே வைத்தே வரும். அது தெரியாமல் மேலும் 100 மில்லி ஊற்றினால் இரு மடங்கு ஆகிவிடும். கூடுதல் ஆயில் கூலிங் காயிலின் உட்புறத்தில் படலமாக ஒட்டிக் குளிர்ச்சியைக் குறைக்கும். திரவமாகக் கம்ப்ரஸருக்குள் புகுந்தால் வால்வு தகடுகள் உடையும்.

நான் பட்டறையில் செய்வது இது. கழற்றிய பழைய கம்ப்ரஸரைக் கவிழ்த்து, கையால் அச்சைச் சுற்றிக்கொண்டே, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் ஆயிலை வடிப்பேன். கடைசிச் சொட்டு விழக் கால் மணி நேரம்கூட ஆகும், அவசரப்படக் கூடாது. பிறகு குடுவையை வெயிலில் தூக்கிப் பார்ப்பேன். தெளிந்த மஞ்சளாக இருந்தால் நல்லது. கறுத்து, ஜிகினாத் தூள் மாதிரி மினுங்கினால் அது அலுமினியத் துகள், உள்ளே உராய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல ஆயிலாக 40 மில்லி வந்திருந்தால், புதுக் கம்ப்ரஸரிலும் 40 அல்லது 50 மில்லி மட்டும் விட்டுவிட்டு மீதியை வடித்துவிடுவேன். மிச்சம் ஏற்கெனவே குழாய்களில் இருக்கிறதல்லவா?

உங்கள் காருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உள்ளே இருப்பது தவறான ஆயில், அதில் இரண்டு கம்ப்ரஸர்கள் உதிர்த்த துகள் வேறு. எல்லாவற்றையும் சுத்தம் செய்து, முழு அளவு புது ஆயில் ஊற்ற வேண்டும். கூலிங் காயிலையும் ஹோஸ்களையும் ஏ.சி. ஃபிளஷ் திரவத்தால் கழுவி, உலர்ந்த நைட்ரஜன் கொடுத்து ஊதச் சொல்லுங்கள். பெட்ரோல், தின்னர் கூடாது. பஞ்சர் கடைக் காற்றும் கூடாது, அதில் ஈரம் இருக்கும். கண்டென்சரைக் கழுவிப் பயனில்லை. அதன் வழிகள் அத்தனை மெல்லியவை, சிக்கிய துகள் வெளியே வராது. அதை மாற்றுங்கள். டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, இணைப்புகளில் கசியாமல் காக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையங்கள் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். செலவு கடிக்கும், தெரியும். மாற்றாமல் விட்டால் மூன்றாவது கம்ப்ரஸரும் இதே வழியில் போகும்.

பேக் ஆயில் ஈரத்தைக் குடிக்கும். கடையில் பாதி காலியான, மூடி தளர்ந்த பாட்டிலிலிருந்து ஊற்ற வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சில நூறு ரூபாயில் கிடைக்கும் சீல் பிரிக்காத தகர டப்பாவை நீங்களே வாங்கிக் கொடுத்து, உங்கள் எதிரில் திறக்கச் சொல்லலாம். அப்புறம், எல்லாம் பூட்டிய பின் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வேக்கம் போட்டு (அதாவது உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்து), பம்பை நிறுத்திக் கால் மணி நேரம் கேஜின் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கேஸ். குழாயைத் தொட்டுப் பார்த்துக் கேஸ் அடிப்பதை விடச் சொல்லி, ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் தராசு வைத்து அடிக்கச் சொல்லுங்கள்.

ஹைப்ரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பலவற்றின் கம்ப்ரஸருக்குள் மோட்டாரே ஆயிலில் நனைந்தபடி ஓடுகிறது. அதற்குப் பெரும்பாலும் மின்சாரத்தைக் கடத்தாத எஸ்டர் வகை ஆயில்தான், டென்சோவில் 'என்டி ஆயில் 11'. பேக் ஆயில் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெட்டு, கார் பழுது காட்டி நின்றுவிடும். மற்ற கார்களுக்குப் பயன்படுத்திய ஹோஸில் ஒட்டியிருக்கும் ஆயிலே ஆபத்து என்பதால், இந்த வேலைக்குத் தனிக் கருவி வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். புதிதாக வரும் ஆர்-1234ஒய்எஃப் கேஸ் கார்களுக்கும் அதற்கென்று குறிப்பிட்ட ஆயிலே ஊற்றுங்கள்.

வேலை நடக்கும் வரை காரை ஓட்டலாமா என்பீர்கள். ஏ.சி. சுவிட்சைத் தொடாமல் ஓட்டலாம், கம்ப்ரஸர் புல்லி சத்தமின்றித் தனியாகச் சுழலும் வரை. கிறீச்சென்று கேட்டாலோ கருகிய ரப்பர் வாசம் வந்தாலோ உடனே நிறுத்திவிடுங்கள். பல கார்களில் அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஓட்டுகிறது, அது அறுந்தால் இன்ஜின் கொதித்துவிடும்.