விளையாடியதையே படிப்பானேன்?

கேள்வி: ‘ஹேலோ’ வீடியோ கேமைப் பலமுறை விளையாடி முடித்தவன் நான். ஆசையாக அதை வைத்து எழுதிய ‘தி ஃப்ளட்’ நாவலை வாங்கினேன். நூறு பக்கம் தாண்ட முடியவில்லை. கேமை வைத்து எழுதும் அறிவியல் புனைகதை எல்லாமே குப்பைதானா?

பதில்: நூற்றுக்கணக்கில் இருப்பதில் தவறானதை எடுத்துவிட்டு மொத்தத்தையும் திட்டுகிறீர்கள். வில்லியம் டீட்ஸ் 2003-ல் எழுதிய அந்த நாவல், முதல் கேமின் கதையையே கட்டம் கட்டமாகத் திரும்பச் சொல்வது. கேமில் கும்பலாக வரும் எதிரிகளைச் சுடுவது அலுக்காது. சுடுவது நீங்கள், சாகப்போவதும் நீங்கள். தாளில் அதே கும்பல் வரிசையாக விழுந்தால் கொட்டாவிதான். ஒன்று சொல்ல வேண்டும்: எதிரிப் படையில் யாயாப் என்றொரு குள்ளச் சிப்பாய் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் படும் பாடு அதில் வருகிறது. கேமில் இல்லாத அந்தப் பக்கங்களை மட்டும் தேடிப் படிக்கலாம்.

நீங்கள் எடுத்திருக்க வேண்டியது எரிக் நைலண்டின் ‘தி ஃபால் ஆஃப் ரீச்’. 2001-ல் கேமுக்கு இரண்டு வாரம் முந்தி வந்தது. கேமின் நாயகனாகக் கவசத்துக்குள் இருப்பவன் யார் என்று கேம் சொல்லவில்லை, நாவல் சொல்கிறது. ஆறு வயதுப் பிள்ளைகள் 75 பேரை ராணுவமே கடத்துகிறது. பெற்றோருக்குச் சந்தேகம் வராதிருக்க வீட்டில் நகல் குழந்தைகளை விட்டுவருகிறது. அவை நோயில் செத்துப்போகும். பதின்வயதில் உடலை மாற்றும் அறுவைச் சிகிச்சை: 30 பேர் சாவு, 12 பேர் முடம். தேறிய 33 பேரில் ஒருவன்தான் உங்கள் மாஸ்டர் சீஃப். நீங்கள் கைதட்டிய வீரன் எப்படித் தயாரானான் என்று தெரிந்தபின் கேமே வேறு மாதிரி இருக்கும்.

வாங்குமுன் பின்னட்டையைப் பாருங்கள். விளையாடிய கதையே அங்கே இருந்தால் வைத்துவிடுங்கள். முன்கதை, ஓரத்துப் பாத்திரம் என்றால் எடுங்கள். அடுத்து, எழுதியவர் யார்? ‘மாஸ் எஃபெக்ட்: ரெவலேஷன்’ (2007) எழுதிய ட்ரூ கார்பிஷின் அந்த கேமுக்கே தலைமைக் கதாசிரியர், உலகம் பிசகாது. நான்காவது நாவல் ‘டிசெப்ஷன்’ (2012) கைமாறியது. ரசிகர்கள் பிழைப்பட்டியலே போட்டார்கள். திருத்துவதாகத் தயாரிப்பாளர்கள் சொல்ல நேர்ந்தது. எழுதியவர்? அதே டீட்ஸ்!

நைலண்டை முடித்ததும் நேராக அவருடைய ‘ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்’. முதல் கேமின் கதையை அது தொடர்கிறது. 2010-ல் வந்த ‘ஹேலோ: ரீச்’ கேமோடு மட்டும் நாவலை ஒப்பிடாதீர்கள், ரீச் கிரகம் வீழ்ந்த தேதிக்கணக்கே இரண்டிலும் உதைக்கும்.