இரண்டு பேட்ஜில் ஆரம்பித்த பேண்ட்

கேள்வி: இங்கிலாந்தின் இண்டி பாப் இசைக்குழுக்களில், உருவான கதை உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ஏன்?

இந்தக் கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் ஸ்மித்ஸ் என்றுதான் சொல்வார்கள். 1982இல் மான்செஸ்டரில் கிட்டார்காரர் ஜானி மார் போய்ப் பாடகர் மாரிஸியின் வீட்டுக் கதவைத் தட்டிய கதை. நல்ல கதைதான், மறுக்கவில்லை. ஆனால் ஜானி மார் அப்போதே கிட்டாரில் கில்லாடி. கில்லாடிகள் சேர்ந்து ஜெயிப்பதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. என்னுடைய பதில் தலூலா காஷ். 1986இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கி 1988இல் கலைந்த குழு. முழு ஆல்பம் ஒன்றுகூடப் போடவில்லை. மொத்தமே இரண்டு வருஷம்.

கதை இதுதான். அமீலியா ஃபிளெட்சர் ஆக்ஸ்ஃபோர்டில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தார். எலிசபெத் பிரைஸ் அங்கேயே ரஸ்கின் கலைப்பள்ளி மாணவி. இருவரும் சந்தித்தபோது இரண்டு பேர் உடையிலும் பேஸ்டல்ஸ் குழுவின் பேட்ஜ் குத்தியிருந்தது. பேஸ்டல்ஸ் என்பது கிளாஸ்கோவைச் சேர்ந்த சின்னக் குழு. ரேடியோவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் தெரிந்த பெயர். அந்த பேட்ஜைக் குத்திக்கொண்டு திரிகிற இன்னொரு ஆளை அதே ஊரில் பார்ப்பது, வெளியூர் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் நம் பக்கத்துத் தெரு என்று தெரிய வருகிற மாதிரி. பேச்சு தொடங்கிற்று. பேச்சு பேண்ட் ஆனது.

அமீலியாவின் தம்பி மேத்யூ டிரம்ஸ். அவருக்கு அப்போது பள்ளிக்கூட வயசு. பீட்டர் மோம்சிலோஃப் கிட்டார், பேஸ் கிட்டாருக்கு முதலில் ராப் பர்ஸி, சீக்கிரமே அவர் இடத்தில் கிறிஸ் ஸ்காட். பிரமாதமாக வாசிக்கக்கூடியவர் என்று யாரையும் சொல்ல முடியாது. பெயரை ஒரு பத்திரிகைத் தலைப்பிலிருந்து சுட்டார்கள். ஆல்டர்ட் இமேஜஸ் குழுவின் பாடகி கிளேர் குரோகனை என்எம்இ இசை வார இதழ் பேட்டி எடுத்திருந்தது, அதற்கு வைத்த தலைப்பு அது. போதாததற்கு அமீலியா மேரிகோல்ட் என்றும் எலிசபெத் பெப்பிள்ஸ் என்றும் மேடைப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சாமந்தியும் கூழாங்கல்லும்! ராக் உலகம் தோல் ஜாக்கெட்டும் முறைப்புமாக இருந்த காலத்தில் இது வேண்டுமென்றே செய்த குறும்பு.

என் சொந்தக் கதையை இங்கே கொஞ்சம் செருக வேண்டும். கல்லூரியில் நாங்கள் நாலு பேர் பேண்ட் ஆரம்பிப்பதாக முடிவு செய்தோம். பெயர் வைத்தாயிற்று, லோகோகூட வரைந்தாயிற்று. 'முறையாகக் கத்துக்கிட்டு அப்புறம் மேடை ஏறலாம்டா' என்றான் ஒருவன். சரி என்றோம். அவ்வளவுதான், நாலு வருஷம் ஓடிவிட்டது. கிட்டார் ஹாஸ்டல் கட்டிலுக்கு அடியில் இரண்டு கம்பி இல்லாமல் கிடந்தது. அதனால் பிற்பாடு வேலை நிமித்தம் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு வருஷம் இருந்தபோது இந்தக் குழுவின் கதையைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது ரசனை இல்லை, வயிற்றெரிச்சல்.

வயிற்றெரிச்சல் அடங்கிய பிறகு யோசித்தால், துணிச்சல் மட்டும் காரணம் இல்லை என்று புரிகிறது. அந்தத் துணிச்சலைத் தாங்கிப் பிடிக்க ஊரெங்கும் ஒரு வலை விரிந்திருந்தது.

இண்டி என்பது இண்டிபெண்டண்ட் என்பதன் சுருக்கம். பெரிய கம்பெனிகளின் தயவு இல்லாமல் தானே இசைத்தட்டு போடுவது. 1977 ஜனவரியில் மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு ஏறக்குறைய 500 பவுண்டு கடன் வாங்கித் தன் முதல் தட்டைத் தானே அச்சடித்து விற்றது. 'அட, இவ்வளவுதானா!' என்று ஊருக்கு ஊர் ஆட்கள் கிளம்பினார்கள். லண்டனில் ரஃப் டிரேட் கடை மற்ற ஊர்க் கடைகளோடு கூட்டுச் சேர்ந்து, சின்ன லேபிள்களின், அதாவது இசைத்தட்டுக் கம்பெனிகளின், தட்டுகளை நாடு முழுக்க அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தது. பிபிசியில் ஜான் பீல் மாதிரி ஆட்கள் பெயர் தெரியாத குழுக்களைக் கூப்பிட்டு ஸ்டூடியோவில் பாட வைத்து ஒலிபரப்பினார்கள். ஆக, தட்டு போட வழி, விற்க வழி, ஊருக்குக் கேட்க வைக்க வழி, மூன்றும் 1986க்குள் தயாராக இருந்தன.

பணம்? இதைச் சொல்லாமல் விடுகிற கட்டுரைகள்தான் அதிகம். அப்போது இங்கிலாந்து மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் கிடையாது. வீட்டு வருமானத்தைப் பொறுத்து அரசாங்கமே செலவுக்குப் பணமும் கொடுத்தது, அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. படிப்பு முடித்து வேலை கிடைக்காதவர்களுக்கு வாராவாரம் உதவித்தொகை. சொந்தத் தொழில் தொடங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்து, வங்கியில் 1000 பவுண்டு இருப்பதாகக் காட்டினால், வாரம் 40 பவுண்டு வீதம் ஒரு வருஷம் தரும் திட்டமும் இருந்தது. வேலையில்லாதோர் கணக்கைக் குறைத்துக் காட்டத்தான் இது என்று பிரதமர் தாட்சரை ஏசிக்கொண்டே அந்த 40 பவுண்டில் பேண்டும் லேபிளும் நடத்தியவர்கள் எத்தனையோ பேர். கல்விக் கடன் தவணையை எண்ணிக்கொண்டிருப்பவன் கிட்டாரில் மூன்றே ஸ்வரக்கூட்டில் ஓடும் பாட்டை எழுதிக்கொண்டு உட்கார முடியுமா, சொல்லுங்கள்.

அப்புறம் ஃபேன்சைன். இசைப் பைத்தியங்கள் தாங்களே தட்டச்சு செய்து, கத்தரித்து ஒட்டி, நகலெடுத்து, கச்சேரி வாசலில் விற்ற கைப்பத்திரிகைகள். சிற்றிதழ்ச் சண்டைகள் தெரிந்தவர்களுக்கு இந்த உலகம் உடனே பிடிபடும். அதே அளவு ஆவேசம், அதே அளவு சின்ன வட்டம். பிரிஸ்டலைச் சேர்ந்த மேட் ஹெய்ன்ஸ் இப்படி ஒரு பத்திரிகை நடத்தினார். கூடவே ஷா-லா-லா என்ற பெயரில் ஃபிளெக்ஸி தட்டுகளும் வெளியிட்டார். தலூலா காஷின் முதல் பாட்டு வெளியே வந்தது அப்படித்தான், ரேசர்கட்ஸ் என்ற இன்னொரு குழுவோடு ஒரு ஃபிளெக்ஸியைப் பங்கு போட்டுக்கொண்டு.

ஃபிளெக்ஸி என்றால் என்ன என்று ஆக்ஸ்ஃபோர்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர்தான் காட்டினார். ஐம்பதைத் தாண்டியவர், வீடு முழுக்க இசைத்தட்டு. ஒரு பழைய உறையிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் தாள் மாதிரி ஒன்றை எடுத்தார். பால் பாக்கெட்டை வெட்டி வட்டமாக்கின மாதிரி துவண்டது. டர்ன்டேபிளில் வைத்து ஊசியை இறக்கினால் தட்டு சுழல மாட்டேன் என்று வழுக்கியது, பாட்டு இழுத்து இழுத்து அழுதது. மனிதர் அசரவே இல்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டு பென்ஸ் செப்புக் காசை எடுத்து, நடுவில் இருந்த லேபிள் மேல் வைத்தார். எடைக்கு. பாட்டு சரியாக ஓட ஆரம்பித்தது. கரகரப்பு நடுவே இரண்டு பெண்கள் மூச்சு விடாமல் 'பா பா பா' என்று பாடிக்கொண்டு போனார்கள். 'பார், காசு போட்டால்தான் பாடும்' என்று சிரித்தார்.

தட்டு போட அழைப்பு வந்தது எங்கிருந்து தெரியுமா? அந்த பேட்ஜில் இருந்த குழுவிடமிருந்தே. பேஸ்டல்ஸின் ஸ்டீஃபன் பேஸ்டலும், ஷாப் அசிஸ்டன்ட்ஸ் குழுவின் டேவிட் கீகனும், சாண்டி மெக்லீன் என்பவரும் சேர்ந்து ஸ்காட்லாந்தில் ஃபிஃப்டி-தேர்ட் அண்ட் தேர்ட் என்று ஒரு லேபிள் நடத்தினார்கள். ரமோன்ஸ் குழுவின் பாட்டு ஒன்றின் பெயர் அது. 1986 கடைசியில் தலூலா காஷின் 'பீட்னிக் பாய்', 'ஸ்டீமிங் டிரெயின்' என்ற இரண்டு சிங்கிள்களையும் (ஆல்பமாக இல்லாமல் தனிப்பாட்டாக வரும் சின்னத் தட்டுகள்) ஒரே சமயத்தில் அங்கே வெளியிட்டார்கள். புதுக் குழு ஒன்று இரண்டு தட்டுகளைச் சேர்த்து இறக்கினால் தன் விற்பனையைத் தானே வெட்டிக்கொள்கிற வேலை. பொருளாதார மாணவிக்கு இது தெரியாமலா இருக்கும்!

இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் குழுவின் சங்கதி புரிந்துவிடும். 'பீட்னிக் பாய்' 60களின் பெண்கள் குழுப் பாட்டுகளைப் போல இனிப்பு. 'ஸ்டீமிங் டிரெயின்' பங்க், அதாவது முரட்டு வேக ராக், கிட்டார் ரம்பம் மாதிரி அறுத்துக்கொண்டு போகும். அமீலியாவின் குரலில் கமகமும் இல்லை, உருக்கமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் மாடியில் துணி உலர்த்திக்கொண்டே பாடுவது மாதிரி, அமெரிக்க உச்சரிப்பை இரவல் வாங்காத நேரான இங்கிலாந்துக் குரல். சுருதி அங்கங்கே விலகும். எனக்கு முதல் முறை எரிச்சலாகத்தான் இருந்தது, ஒளிக்க வேண்டியதில்லை. மூன்றாம் முறை கேட்டபோது அந்த விலகல் இல்லாமல் அந்தப் பாட்டை நினைக்க முடியவில்லை.

பத்திரிகைகள் இரண்டாகப் பிரிந்தன. அதே 1986இல்தான் என்எம்இ 22 குழுக்களின் பாட்டுகளைச் சேர்த்து சி86 என்ற கேசட்டை வெளியிட்டது. பேஸ்டல்ஸ், ஷாப் அசிஸ்டன்ட்ஸ், பிரைமல் ஸ்க்ரீம் எல்லாம் அதில் உண்டு, தலூலா காஷ் கிடையாது. ஆனாலும் சி86 என்று யார் எழுதினாலும் உதாரணத்துக்கு இழுத்து வரப்படுவது இவர்கள்தான். புகழ்ச்சிக்கு இல்லை, கிண்டலுக்கு. அனோராக் கோட், தலையில் கிளிப், மழலை என்று சொல்லி 'ட்வீ' என்று முத்திரை குத்தினார்கள். அதாவது செல்லம் கொஞ்சுகிற, பொம்மைத்தனமான பாட்டு. இதே இசையை நாலு ஆண்கள் முறைத்துக்கொண்டு வாசித்திருந்தால் 'பங்க் திரும்பி வந்துவிட்டது' என்று எழுதியிருப்பார்கள் என்பது என் கட்சி. பெண்கள் சிரித்துக்கொண்டே பங்க் வாசித்ததுதான் அவர்களுக்குச் செரிக்கவில்லை.

முதல் சிங்கிள்களுக்குப் பிறகு எலிசபெத் விலகிவிட்டார். அவர் இடத்துக்கு ஈத்னா ஃபாரி வந்தார். 1987இல் இன்னும் இரண்டு சிங்கிள்கள், 1988இல் 'டெஸ்ட்கார்டு கேர்ள்', நடுவே பிபிசி ரேடியோவுக்கு இரண்டு ஸ்டூடியோப் பதிவு. அதோடு கடையைக் கட்டினார்கள்.

பின்னால் நடந்ததையும் சொன்னால்தான் நான் ஏன் இந்தக் குழுவைத் தேர்ந்தெடுத்தேன் என்பது புரியும். ஃபிளெக்ஸி போட்ட மேட் ஹெய்ன்ஸ், கிளேர் வாட் என்பவரோடு சேர்ந்து 1987இல் பிரிஸ்டலில் சாரா ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளைத் தொடங்கினார். அமீலியா, மேத்யூ, பீட்டர், பழைய பேஸ் கிட்டார்காரர் ராப் பர்ஸி நாலு பேரும் ஹெவன்லி என்று புதுக் குழுவாகி அங்கேயே தட்டுகள் போட்டார்கள். அமெரிக்காவில் ஒலிம்பியா நகரத்து கே ரெக்கார்ட்ஸ் இவர்களைக் கொண்டாடியது. தலூலா காஷின் பாட்டுகளைத் தொகுத்து 1996இல் அது வெளியிட்டது. அதே வருஷம் மேத்யூ இறந்தார், வயது 25. ஹெவன்லி அத்தோடு நின்றது. மற்றவர்கள் வேறு வேறு பெயர்களில் பாடிக்கொண்டே இருந்தார்கள். 2023இல்தான் ஹெவன்லி என்ற பெயரில் மறுபடி மேடை ஏறினார்கள்.

இதற்கு நடுவே அமீலியா ஆக்ஸ்ஃபோர்டில் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, 2001 முதல் 2013 வரை இங்கிலாந்தின் நியாய வணிக அலுவலகத்தில் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தார். பெரிய கம்பெனிகள் சந்தையை வளைத்துப் போடாமல் பார்த்துக்கொண்ட அலுவலகம். அப்புறம் பேராசிரியர். பீட்டர், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் தத்துவ நூல்களுக்குப் பதிப்பாசிரியர் ஆனார். சீக்கிரம் விலகிப் போன பெப்பிள்ஸ் என்கிற எலிசபெத் பிரைஸ் 2012இல் பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசை வாங்கினார், 25,000 பவுண்டு. பரிசு பெற்ற வீடியோ படைப்பு, 1979இல் மான்செஸ்டர் வுல்வொர்த்ஸ் கடையில் நடந்த தீ விபத்தைப் பற்றியது. மனசைப் பிசைகிற விஷயம். அதற்குள் 60களின் பெண்கள் குழு ஒன்று கையசைத்து ஆடுகிற காட்சித் துண்டுகள் வரும், விரல் சொடுக்கும் கைதட்டலும் தாளமாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். விமர்சகர்கள் அதற்கு என்னென்னவோ விளக்கம் எழுதினார்கள். எனக்கு 'பீட்னிக் பாய்' ஞாபகம்தான் வந்தது.

எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று யாராவது பின்னூட்டத்தில் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் 'ஸ்டீமிங் டிரெயின்', பிறகு 'பீட்னிக் பாய்', அப்புறம் 'டெஸ்ட்கார்டு கேர்ள்'. ஹெட்ஃபோன் வேண்டாம், ஃபோன் ஸ்பீக்கரிலேயே போடுங்கள். அதற்கு மேல் தரமாகப் பதிவு செய்ய அவர்களிடம் காசும் இல்லை.