சிறுநீரகக் கல் எடுத்த பிறகு கண் மங்கினால்

கோப்பாயில் இருந்து ஒரு தங்கச்சி: அப்பாவுக்கு 66 வயது, சீனி வருத்தமும் இருக்கு. மூன்று கிழமைக்கு முன் சிறுநீரகக் கல்லை உடைத்து எடுத்து ஸ்டென்ட் (சிறுநீரகத்திலிருந்து சலம் வடிய உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) வைத்தார்கள். இப்போது வலக்கண் புகை மூடின மாதிரி இருக்கு, கறுப்புப் பூச்சி பறக்குது என்கிறார். நோவு பெரிதாக இல்லை. சீனியாலா?

பதில்: சீனியாலும் வரலாம். ஆனால் அப்படி நினைத்து அடுத்த கிளினிக் திகதி வரை இருக்க வேண்டாம், இன்றைக்கே காட்டுங்கள். கன்டிடா என்றொரு பங்கசு (பூஞ்சை) கல்லிலும் ஸ்டென்டிலும் ஒட்டி வளரும். கல்லை உடைக்கும்போது அது ரத்தத்தில் கலந்து, கண்ணின் உள்ளே போய்த் தங்கிவிடலாம். அரிதுதான். சீனி வருத்தம் உள்ளவர்களும், நீண்ட நாள் அன்டிபயோட்டிக் எடுத்தவர்களும், சலக்குழாய் போட்டிருந்தவர்களும்தான் கூடுதலாக அகப்படுகிறார்கள். நாள்கள், கிழமைகள் கழித்து மெல்ல வருவதால் கல்லையும் கண்ணையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நீங்கள்தான் டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டையும் கொண்டு போங்கள்.

சாவகச்சேரி அண்ணை: எனக்கும் கண் சிவந்தது. பாமசியில் தந்த ஸ்டீரொய்ட் சொட்டு மருந்தில் கொஞ்சம் சுகம். தொடரலாமா?

பதில்: வேண்டாம் அண்ணை. ஸ்டீரொய்ட் சிவப்பைக் குறைக்கும், உள்ளே பங்கசு இருந்தால் அது நன்றாக வளரும். கண் அழற்சி என்று நினைத்து இதையே கொடுத்து, பார்வை இன்னும் குறைந்த பிறகு உண்மை தெரியவந்த நோயாளிகள் இருக்கிறார்கள்.

பருத்தித்துறை: எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மருந்து உண்டா?

பதில்: கண்மணியை விரிக்கும் மருந்து விட்டுப் பார்த்தால் விழித்திரையில் பஞ்சு மாதிரி வெள்ளைத் திட்டுகள் தெரியும், சிலருக்கு முன்னால் முத்துக் கோத்த மாதிரி இருக்கும். கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லில் கொஞ்சம் எடுத்தும் சோதிப்பார்கள். புளூகொனசோல் அல்லது வொரிகொனசோல் என்ற பங்கசுக் கொல்லிக் குளிசை கிழமைக் கணக்கில், குறைந்தது நாலு கிழமையாவது எடுக்க வேண்டிவரும். ஜெல் வரை பரவியிருந்தால் கண்ணுக்குள்ளேயே ஊசி, சிலருக்கு ஜெல்லை அகற்றும் சத்திரசிகிச்சை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு பார்வை மிஞ்சும்.

சுன்னாகம்: எங்கள் கிணற்றுத் தண்ணீராலா இந்தப் பங்கசு?

பதில்: இல்லை. கன்டிடா நம் உடம்பிலேயே குடியிருப்பது.

நல்லூர் தம்பி: அடுத்த கிழமை எனக்குக் கல் உடைக்கப் போகிறார்கள். பயமாயிருக்கு, தள்ளிப் போடவா?

பதில்: நீங்களாகத் தள்ளிப் போடாதீர்கள். கல் அடைத்தபடி கிருமி பிடித்தால் அது இதைவிட ஆபத்து. சலப் பரிசோதனை முடிவைக் கேளுங்கள். ஏதாவது வளர்ந்திருந்தால் முதலில் அதற்கு மருந்து தருவார்கள். பிறகு குளிர்க்காய்ச்சலோ, கண் மங்கலோ வந்தால் ஸ்டென்ட் கழற்றும் நாள் வரை பொறுக்காமல் போங்கள்.