ஸ்நோபால் முதுகுல இருந்த காயம்

கேள்வி: சார், ஜார்ஜ் ஆர்வெலோட 'விலங்குப் பண்ணை' நாவல, அதான் மிருகங்க முதலாளி ஜோன்ஸ விரட்டிட்டு தாங்களே பண்ணைய நடத்துற கதைய, இப்பதான் முதல் தடவையா படிச்சேன். தலைமைக்கு அடிச்சிக்கிற ரெண்டு பன்னியில, நெப்போலியன் ஸ்நோபாலத் துரத்துறதுக்குப் பதிலா ஸ்நோபால் ஜெயிச்சிருந்தா பண்ணை உருப்பட்டிருக்கும்தானே? ரெண்டு நாளா மனசே ஆறல.

பதில்: ஆறாதுதான். ஸ்நோபால் நல்லா பேசும், கமிட்டி போடும், காத்தாலைக்கு பிளான் வரையும், சண்டைன்னா முன்னால நிக்கும், யாருக்குத்தான் புடிக்காது. ஆனா ரெண்டாவது அத்தியாயத்தோட கடைசிப் பக்கத்த மட்டும் திரும்ப எடுத்துப் பாருங்க. ஜோன்ஸ விரட்டியாச்சு, பால் கறந்து அஞ்சு வாளி நிக்குது, இத என்ன பண்ணப் போறோம்னு யாரோ கேக்குறாங்க. நெப்போலியன் வாளிக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டு பாலப் பத்தி விடுங்க, அறுவடைதான் முக்கியம், போங்கன்னு அனுப்புது. எல்லாரையும் வயலுக்குக் கூட்டிட்டுப் போறது யாரு தெரியுமா, நம்ம ஸ்நோபால்தான். சாயங்காலம் வந்து பாத்தா பால காணோம். அடுத்த அத்தியாயத்துல ஆப்பிளும் பன்னிங்களுக்கேன்னு முடிவாகுது, மத்த எல்லா விஷயத்துலயும் அடிச்சிக்கிற அந்த ரெண்டும் இதுல மட்டும் ஒரே கட்சி. ஆர்வெல்லே 1946 டிசம்பர்ல ஒரு கடிதத்துல கதையோட திருப்புமுனையே இந்தப் பாலும் ஆப்பிளும்தான்னு எழுதியிருக்கார். அன்னைக்கே மத்த மிருகங்க எதுத்து நின்னிருக்கணும்கிறது அவர் கருத்து. அதனால ஸ்நோபால் ஜெயிச்சிருந்தா நெப்போலியன் ஏவி விட்ட மாதிரி நாய்க்கூட்டம் வந்திருக்குமான்னு எனக்குத் தெரியாது, ஆனா பால் வாளி திரும்ப வந்திருக்காதுன்னு அடிச்சுச் சொல்லுவேன்.

கேள்வி: நெப்போலியனுக்காகப் பேசுற பன்னி ஸ்குவீலர் வாயத் தொறந்தா பொய். கண்ணால பாத்த மிருகங்களே அத நம்புதுங்க. இவ்வளவு முட்டாளாவா இருப்பாங்க? எனக்கு இது கொஞ்சம் ஓவராத் தெரியுது.

பதில்: நான் படிக்கிற வயசுல இதையேதான் கேட்டேன். அப்புறம் இன்னொரு தடவ படிக்கும்போது ஒரே ஒரு காயத்த மட்டும் ஃபாலோ பண்ணேன், அப்பதான் புரிஞ்சுது. பண்ணையத் திரும்பப் புடிக்க ஜோன்ஸ் வந்த மாட்டுக்கொட்டகைச் சண்டையில அவன் சுட்ட ரவை பட்டு ஸ்நோபால் முதுகுல ரத்தம் ஒழுகுது, எல்லாரும் பாக்குறாங்க, முதல் வகுப்பு வீரன்னு பதக்கமும் குடுக்குறாங்க. துரத்துன உடனே ஸ்குவீலர் அத துரோகின்னு முழுசா சொல்லிடல, அந்தச் சண்டையில அதோட பங்க ரொம்பப் பெருசாக்கிட்டோம்னு சும்மா ஒரு பிட்டு போடுது. கொஞ்ச நாள் கழிச்சு, அது ஆரம்பத்துல இருந்தே ஜோன்ஸோட ஆளு, ரகசிய டாக்குமென்ட் கெடச்சிருக்குங்குது. அப்ப காயம்? அது முன்னாடியே பேசி வச்சது, ஜோன்ஸ் லேசா உரசுற மாதிரிதான் சுட்டான். கடைசியில பதக்கமே குடுக்கலைன்னு ஆகி, அது மனுஷங்களுக்குத் தலைமை தாங்கி வந்துச்சு, முதுகுல இருந்தது நெப்போலியன் கடிச்ச பல்லுத் தடம்னு முடியுது.

கவனிச்சீங்களா, காயம் இல்லவே இல்லைன்னு ஸ்குவீலர் ஒரு தடவகூட சொல்லல. நீ பாத்தது நெஜம்தான், ஆனா அதுக்குக் காரணம் வேறன்னு மட்டும்தான் சொல்லுது. பாத்தத மறன்னு சொன்னா எந்த முட்டாளும் சண்டைக்கு வருவான், பாத்ததுக்கு வேற விளக்கம் குடுத்தா நமக்குதான் அன்னைக்குப் புரியல போலன்னு அடங்கிடுவான்.

இது ஓவர்னா ரஷ்யாவுல நெஜத்துல நடந்தது இதவிட ஓவர், அங்க நெப்போலியன் இடத்துல ஸ்டாலின், ஸ்நோபால் இடத்துல ட்ராட்ஸ்கி. அக்டோபர் புரட்சியோட நடைமுறை வேலை எல்லாம் ட்ராட்ஸ்கி தலைமையில நடந்துச்சுன்னு 1918 நவம்பர்ல பிராவ்தா பத்திரிகையில பாராட்டி எழுதுனது ஸ்டாலினேதான். 1924ல அதே ஸ்டாலின் ட்ராட்ஸ்கிக்கு அதுல தனியா எந்தப் பங்கும் இல்லைங்குறார். 1938ல கட்சி வரலாறுன்னு ஒரு புத்தகம் வந்தப்ப ஆளு முழுத் துரோகி.

குதிரை பாக்ஸர் மட்டும் ஒரு எடத்துல முரண்டு பிடிக்கும், ரத்தத்த நாங்க பாத்தோமேன்னு. தலைவரே சொல்லிட்டார்னு ஸ்குவீலர் சொன்னதும் சரின்னு தலையாட்டிடுது, ஆனா ஸ்குவீலர் அத ஒரு மாதிரி மொறைச்சுட்டுப் போகும், படிக்கிற நாமளே அத சாதாரணமா தாண்டிப் போயிடுவோம். நாலு நாள் கழிச்சு கூட்டத்துல மூணு நாய் நேரா பாக்ஸர் மேல பாயுது. பாக்ஸர் ஒரு நாய காலுக்கடியில அமுக்கிட்டு, நசுக்கவா விடவான்னு நெப்போலியன் மூஞ்சியப் பாக்குது பாருங்க, எனக்கு அந்த எடத்துல புத்தகத்த மூடிட்டு எந்திரிச்சுப் போகணும்போல இருந்துச்சு.

கேள்வி: கழுதை பெஞ்சமினுக்கு எல்லாம் தெரியும். ஏன் வாயே தொறக்கல?

பதில்: எனக்கு அது மேல இரக்கமே கெடையாது. அதுக்குப் படிக்கத் தெரியும், ஆனா பாக்ஸர ஏத்திட்டுப் போற வண்டியில குதிரை அறுக்குறவன் பேர் இருக்குன்னு கத்துறப்ப லேட் ஆயிடுச்சு. அப்பவும் ஸ்குவீலர் வந்து, வண்டிய டாக்டர் வெலைக்கு வாங்கிட்டாரு, பழைய பேர இன்னும் அழிக்கலைன்னு சொல்லுது. படிச்சது நெஜம், விளக்கம் வேற, அதே காயத்துக் கதைதான்.

கேள்வி: பிரச்சாரத்தக் கிண்டல் பண்ற இந்தப் புத்தகமே ஒரு பிரச்சாரம்தானே? அமெரிக்கா காசு குடுத்துச்சுன்னு எங்கயோ படிச்சேன்.

பதில்: புத்தகத்துக்கு இல்ல, 1954ல வந்த கார்ட்டூன் படத்துக்கு. அமெரிக்க உளவு அமைப்பு சி.ஐ.ஏ. மறைமுகமா காசு போட்டுச்சு, முடிவையும் மாத்துனாங்க. நாவல்ல பன்னியும் மனுஷனும் சேந்து சீட்டாடுறப்ப எது பன்னி எது மனுஷன்னு தெரியாமப் போகுதுல்ல, அந்தப் படத்துல மனுஷங்கள எடுத்துட்டு, மிருகங்க பன்னிங்கள எதுத்து எழுந்திரிக்கிற மாதிரி முடிச்சுட்டாங்க. எது தங்களக் குத்துச்சோ அத மட்டும் கழட்டி வச்சுட்டாங்க, கில்லாடிங்க.

ஆர்வெல் ஸ்டாலின அந்தத் திட்டு திட்டுனவர்தான், ஆனா கணக்குல சுத்தம். காத்தாலைய வெடி வச்சுத் தகர்க்குறப்ப நெப்போலியன் உட்பட எல்லாரும் தரையில விழுந்தாங்கன்னு முதல்ல எழுதியிருந்தார். 1945 மார்ச்ல, புத்தகம் அச்சுக்குப் போற நேரத்துல, நெப்போலியனத் தவிரன்னு மாத்தச் சொல்லிக் கடிதம் போட்டார். ஜெர்மன்காரன் வந்தப்ப ஸ்டாலின் மாஸ்கோவ விட்டு ஓடலையே, அதுக்கு நியாயம் செய்யணுமேன்னு. ஒரு வார்த்தைதான். பிரச்சாரம் எழுதுறவன் இந்த மெனக்கெடல் பண்ணவே மாட்டான்.

கேள்வி: நானும் இந்த மாதிரி ஒரு உருவகக் கதை எழுதுறேன். எந்த மிருகம் எந்தத் தலைவர்னு சார்ட் போட்டு வச்சிருக்கேன். வேற என்ன வேணும்?

பதில்: மொதல்ல அந்த சார்ட்ட கிழிச்சுப் போடுங்க. இல்லன்னா வாசகர் கதையப் படிக்க மாட்டார், விடுகதைக்கு விடை கண்டுபுடிச்சுட்டு மூடி வச்சுடுவார். பொருளப் புடிங்க. ராத்திரி பன்னெண்டு மணிக்கு தடால்னு சத்தம், ஓடிப்போய்ப் பாத்தா பண்ணையோட கட்டளைய எழுதி வச்ச சுவத்துக்குக் கீழ ஏணி ரெண்டா ஒடஞ்சு கெடக்குது, பக்கத்துல ஸ்குவீலர் மயங்கிக் கெடக்க, ஒரு லாந்தர், ஒரு பிரஷ், கவுந்துபோன வெள்ள பெயின்ட் டப்பா. கட்டளையத் திருட்டுத்தனமா திருத்துறது அதுதான்னு பெஞ்சமினத் தவிர யாருக்கும் புரியல. ஸ்குவீலர் யாருன்னு சொல்ல சார்ட் எதுக்கு, அந்த டப்பா போதாதா? உங்க கதையில அப்படி கீழ விழப்போற ஏணி எது, அத ராத்திரியில தூக்கிட்டு வர்றது யாரு, இத மட்டும் முடிவு பண்ணிட்டு எழுத உக்காருங்க.