செல்ஃப் டேனர் (வெயிலில் காயாமலே தோலுக்குப் பழுப்பு நிறம் தரும் பூச்சு) போட்டதில் முழங்காலும் கணுக்காலும் மட்டும் ஆரஞ்சாகிவிட்டதா?

மேலே இன்னொரு கோட் போட்டுச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், திட்டு இன்னும் கருக்கும். வெந்நீரில் ஊறவிட்டுச் சொரசொரப்பான துணியால் மெதுவாகத் தேயுங்கள். முழுசாகப் போகாது, மங்கும். மிச்சம் ஒரு வாரத்தில் தோலோடு தானே உதிர்ந்துவிடும்.

காரணம் பெரும்பாலும் வறட்சிதான். டேனரில் இருக்கும் டைஹைட்ராக்ஸிஅசிட்டோன் மேல்தோலின் செத்த செல்களோடு சேர்ந்துதான் நிறம் தருகிறது. அந்த அடுக்கு தடித்த இடத்தில் நிறம் கூடுதலாக ஏறும்.

அடுத்த முறை முந்தைய நாளே தேய்த்துக் குளியுங்கள். பூசுமுன் முழங்கால், முழங்கை, கணுக்காலில் மட்டும் லேசாக மாய்ஸ்சரைசர். அங்கே டேனரைத் தனியாக எடுக்க வேண்டாம், கையுறையில் மிஞ்சியதை இழுத்துவிட்டாலே போதும். சந்தேகமா? தொடையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி மறுநாள் பாருங்கள்.

அப்புறம், இந்த நிறம் வெயிலைத் தடுக்காது. சன்ஸ்கிரீன் தனியாகப் போடத்தான் வேண்டும்.