ஏஐ செயலிக்கு என்ன விலை வைப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனங்களுக்காக, வெளிநாட்டு பையர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் வரைந்து தரும் செயலியை உருவாக்கியிருக்கிறோம். ஒரு பயனருக்கு மாதம் 499 ரூபாய் சரியாக இருக்குமா?

பயனர் எண்ணிக்கையை வைத்து உங்கள் செலவை அளக்க முடியாது. ஐந்து மெர்ச்சண்டைசர்கள் உள்ள அலுவலகத்தில் ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பகிர்ந்துகொள்வது நம் ஊர் வழக்கம். சரக்கு கப்பலேறும் வாரத்தில் அந்த ஒரு கணக்கின் வழியாகவே அத்தனை மடல்களும் வந்து குவியும். பழைய கடிதத் தொடரையும் சேர்த்து ஒரு மடலுக்கு 3,000 டோக்கன் (ஏஐ மாடல் எழுத்தைத் துண்டாக்கிப் படிக்கும் அலகு; கட்டணமும் அதன் எண்ணிக்கைப்படிதான்) உள்ளே சென்று, 500 டோக்கன் வெளியே வருவதாகக் கொள்வோம். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற பெரிய மாடலை வெளியிட்டபோது, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் பத்து லட்சம் டோக்கனுக்கு உள்ளீட்டில் 5 டாலர், வெளியீட்டில் 15 டாலர் என்று விலை வைத்தது. டாலரை 85 ரூபாயாகக் கணக்கிட்டால் ஒரு மடலுக்கு 1 ரூபாய் 91 காசு ஆகிறது. மாதம் 2,000 மடல் எழுதும் நிறுவனம் உங்களுக்கு 3,800 ரூபாய்க்கு மேல் செலவு வைத்துவிட்டு 499 ரூபாய் கட்டும். அதே ஆண்டு ஜூலையில் வந்த சிறிய மாடலான ஜிபிடி-4ஓ மினியின் விலை உள்ளீட்டுக்கு 15 சென்ட், வெளியீட்டுக்கு 60 சென்ட் என்பதால் அந்த 2,000 மடல்களும் 130 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஆகவே விலைப்பட்டியலுக்கு முன், எந்த மடலை எந்த மாடலுக்கு அனுப்புவது என்பதை முடிவு செய்யுங்கள். சாம்பிள் அனுப்பியாயிற்றா என்று கேட்கும் மடலுக்குச் சிறிய மாடல் போதும். தரக்குறைவைக் காட்டி விலையில் கழிவு கேட்கும் மடலைப் பெரியதிடம் ஒப்படைக்கலாம். கட்டணத்தை நிறுவனத்துக்கு இவ்வளவு, அதில் இத்தனை மடல் அடக்கம், அதற்கு மேல் மடல் ஒன்றுக்கு இவ்வளவு என்று அமையுங்கள். 'கிரெடிட்' என்று புதிய அலகு ஒன்றை வைத்தால், அது எத்தனை மடலுக்குச் சமம் என்று விளக்குவதிலேயே உங்கள் விற்பனையாளரின் நாள் கழிந்துவிடும். மடல் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காமல் ஒரே கட்டணம் வாங்குவது ஆபத்து: மாதம் 200 டாலர் வாங்கிய சாட்ஜிபிடி ப்ரோ திட்டத்திலேயே, எதிர்பார்த்ததைவிட மக்கள் மிகுதியாகப் பயன்படுத்துவதால் நட்டம் வருகிறது என்று ஓபன்ஏஐயின் தலைமைச் செயல் அதிகாரி சாம் ஆல்ட்மன் 2025 ஜனவரியில் ஒப்புக்கொண்டார்.

கேள்வி: வாடிக்கையாளரின் பிரச்சினை தீர்ந்தால் மட்டும் பணம் வாங்கும் முறை எங்கள் உதவி மையத்தில் தானாகப் பதில் சொல்லும் சாட்பாட்டுக்குப் பொருந்துமா?

இன்டர்காம் நிறுவனத்தின் ஃபின் என்ற வாடிக்கையாளர் சேவை சாட்பாட் அவ்வாறுதான், தீர்வு ஒன்றுக்கு 99 சென்ட் வாங்குகிறது. ஆனால் எது தீர்வு? வாடிக்கையாளர் மேற்கொண்டு உதவி கேட்காமல் வெளியேறினாலும் அங்கே தீர்வாகக் கொள்ளப்படும். சலித்துப்போய்ப் போனவரும் அந்தக் கணக்கில் வரக்கூடும் என்பதால், 'இத்தனை நாளுக்குள் அதே குறையோடு திரும்பி வந்தால் கட்டணம் இல்லை' என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் 2024இல் ஏஜென்ட்ஃபோர்ஸ் என்ற தன் ஏஐ உதவியாளருக்கு உரையாடல் ஒன்றுக்கு 2 டாலர் என்று தொடங்கி, 2025 மே மாதம் அது செய்யும் செயல் ஒன்றுக்கு 10 சென்ட் என்ற முறையையும் கொண்டுவந்தது. எந்த அலகில் விலை வைப்பது என்பது பெரிய நிறுவனங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை. நீங்களும் ஓராண்டுக்கு மேல் விலையை உறுதி செய்து கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி: தமிழில் இயங்கும் செயலிக்குக் கூடுதல் விலை வைக்க வேண்டுமா?

முன்பு வேண்டியிருந்தது. ஜிபிடி-4ஓ அறிமுகத்தில் ஓபன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், எழுத்தைத் துண்டாக்கும் பழைய முறையில் 116 டோக்கன் பிடித்த தமிழ் வாசகம் புதிய முறையில் 35 டோக்கனாகச் சுருங்கியது. ஆங்கிலத்தில் அதே வாசகம் 24 டோக்கன். அந்த இடைவெளியை உங்கள் லாபத்திலேயே தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆயினும் எல்லா நிறுவனங்களின் மாடல்களும் தமிழை ஒரே விதமாகத் துண்டாடுவதில்லை என்பதால், உங்கள் வாடிக்கையாளர் எழுதிய நூறு மடல்களை ஓட்டி எண்ணிப் பார்த்துவிட்டு மாடலைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருளில் ஏஐ வசதியைத் தனிக் கட்டணத்தில் விற்பதா, உள்ளேயே சேர்ப்பதா?

சேர்த்துவிட்டு, ஆண்டுப் புதுப்பித்தலின்போது மொத்த விலையைச் சற்று உயர்த்துங்கள். தனியாக விற்றுவந்த ஜெமினி என்ற தன் ஏஐ வசதியை கூகுள் 2025 ஜனவரியில் வொர்க்ஸ்பேஸ் என்ற அலுவலக மென்பொருள் திட்டங்களுக்குள் சேர்த்தபோது அதைத்தான் செய்தது.