குதிரைகளோடு ஊர் மாறும்போது கட்டுப்படியாகும் வீட்டையும் அருகிலேயே லாயத்தையும் எப்படித் தேடுவது?

வேலை மாற்றத்தால் வெகு தொலைவுக்குக் குடிபெயர்கிறீர்கள். இரண்டு குதிரைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றுக்கு வயதாகிவிட்டது. கையைக் கடிக்காத வாடகையில் வீடும், பக்கத்திலேயே குதிரைகளை வைத்துப் பராமரிக்க ஓர் இடமும் வேண்டும். பயணத்தில் எதைக் கவனிப்பது, வயதானதை விற்றுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பெண் குதிரையையும் ஒரு மட்டக்குதிரையையும் வைத்துக்கொண்டு ஊர் மாறிய குடும்பம் எங்களுடையது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் லாயத்தைத் தேடுங்கள், அதன்பின் வீட்டைத் தேடுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வாடகை குறைவாக இருக்கிறதே என்று ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்; அதன் பிறகு குதிரைகளுக்கு இடம் தேடிக் கிளம்பினால், கிடைப்பது ஒன்று நெடுந்தொலைவில் இருக்கும், அல்லது குதிரையை நம்பி விட முடியாத இடமாக இருக்கும். மனிதர் தங்கும் வீடு எந்த ஊரிலும் கிடைக்கும், இந்த மாதம் இல்லாவிட்டால் அடுத்த மாதம் கிடைக்கும். நல்ல லாயங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவற்றிலும் பல காத்திருப்போர் பட்டியலோடு இருக்கும். ஆகவே போகும் ஊரைச் சுற்றியுள்ள லாயங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, தேறும் ஒவ்வொன்றிலிருந்தும் அரை மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும் பகுதியில் மட்டும் வீடு பாருங்கள். லாயங்கள் பொதுவாக நகரத்தின் விளிம்பிலோ அதற்கு வெளியிலோதான் இருக்கும் என்பதால், அந்த வட்டத்துக்குள் வீட்டு வாடகையும் பெரும்பாலும் தணிந்தே இருக்கும்.

லாயங்களைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதைவிட லாடம் அடிப்பவரும் கால்நடை மருத்துவரும் சொல்வது நம்பகமானது. அவர்கள் அந்த வட்டாரத்தின் எல்லாக் கொட்டில்களுக்குள்ளும் போய் வருகிறவர்கள். எந்த லாயத்தில் உலர்புல் மோசம், எங்கே அடிக்கடி வயிற்றுவலி வருகிறது, எங்கே வேலையாட்கள் நிலைப்பதில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தொழில் உறவு கருதி யாரையும் குறை சொல்ல மாட்டார்கள், ஆனால் “உங்கள் சொந்தக் குதிரையாக இருந்தால் எங்கே விடுவீர்கள்?” என்று கேட்டால் தயங்காமல் ஓரிரு பெயர்களைச் சொல்வார்கள். அப்படியே, புதிய வாடிக்கையாளரை ஏற்றுக்கொள்வார்களா என்றும் கேட்டுவிடுங்கள். குளம்புகளை 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை சீர்செய்தாக வேண்டும். லாடம் அடிப்பவர் வராத இடத்தில் மற்ற வசதிகள் எத்தனை இருந்தும் பயனில்லை.

கட்டணத்தை ஒப்பிடும்போது எது அடங்கும், எது அடங்காது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தீவனம், சுத்தம் செய்தல், வெளியே விட்டு உள்ளே கட்டுதல் எல்லாவற்றையும் லாயத்தாரே பார்த்துக்கொள்ளும் முழுப் பராமரிப்பு ஒரு வகை. வேலையைப் பகிர்ந்துகொள்ளும் பகுதிப் பராமரிப்பு இன்னொன்று. இடத்தை மட்டும் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் உங்கள் தலையில் விடும் ஏற்பாடும் உண்டு. மேய்ச்சல் நிலத்திலேயே கொட்டகை நிழலோடு விட்டுவைக்கும் முறையும் உண்டு. கட்டணப் பட்டியலில் இடத்தை மட்டும் தருவது மலிவாகத் தெரியும். ஆனால் 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்குத் தன் எடையில் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு, அதாவது ஏழரை முதல் பத்துக் கிலோ வரை உலர்தீவனம் தின்னும் என்பதால், இரண்டு குதிரைகளுக்கு மாதத்துக்கு ஏறத்தாழ அரை டன் புல்லை நீங்களே வாங்கி, ஏற்றி, நனையாமல் அடுக்க வேண்டியிருக்கும். அதோடு காலையும் மாலையும், மழையானாலும் காய்ச்சலானாலும், யாராவது ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும். புதிய வேலையில் சேரும் முதல் மாதங்களில் இது நடக்கிற காரியமா என்பதை நேர்மையாக யோசியுங்கள். எரிபொருளையும் உங்கள் நேரத்தையும் கணக்கில் சேர்த்தால், சற்றுக் கூடுதல் கட்டணத்தில் பக்கத்தில் இருக்கும் முழுப் பராமரிப்பே மலிவாக முடிவது அரிதன்று.

இடத்தை நேரில் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்; இயன்றால் மாலைத் தீவன நேரத்தில் போங்கள். நான் கொட்டடிக்குள் போனதும் முழங்காலிட்டு உட்கார்ந்துவிடுவேன். நின்றுகொண்டிருக்கும்போது தெரியாத அமோனியா நெடி, படுத்திருக்கும் குதிரையின் மூக்கு இருக்கும் உயரத்தில் கண்ணைக் கரிக்கும். அப்படிக் கரித்தால் அங்கே மூத்திரம் ஊறிய படுக்கையை மாற்றாமல் மேலே மேலே தூவுகிறார்கள் என்று அர்த்தம். புல் அடுக்கிலிருந்து ஒரு கட்டைப் பிரித்து உதறிப் பாருங்கள். வெள்ளைத் தூசு புகையாகக் கிளம்பினால் அது பூஞ்சை பிடித்த புல். தண்ணீர்த் தொட்டியின் உட்பக்கச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். குதிரைக்குச் சாதாரண நாளிலேயே 25 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும், வெயில் நாளில் இன்னும் அதிகம். பாசி வழுக்கும் தொட்டியில் அது அவ்வளவு குடிக்காது. கொட்டடி நாலா புறமும் மூன்றரை மீட்டராவது இருக்கிறதா, வேலியில் முள்கம்பி இருக்கிறதா, வேலியோரம் அரளி நிற்கிறதா என்று பாருங்கள். அரளி அழகுக்காக வேலியோரத்தில் நடப்படும் செடி. அதன் சில இலைகளே ஒரு குதிரையைக் கொல்லப் போதும், காய்ந்த இலையிலும் அந்த நஞ்சு போவதில்லை. அங்கே ஏற்கெனவே இருக்கும் குதிரைகளின் விலா எலும்புகளையும் குளம்புகளையும் பார்த்தால், லாயத்தார் சொல்லாததையெல்லாம் அவை சொல்லிவிடும்.

மலிவான இடம் தேடுகிறவர்கள் மாட்டுப் பண்ணையின் ஒரு மூலையை வாடகைக்கு எடுப்பது வழக்கம். அது தவறில்லை, நாங்களும் அப்படி இருந்திருக்கிறோம். ஆனால் மாடுகளுக்கும் கோழிகளுக்குமான தீவனங்கள் பலவற்றில் மோனென்சின் என்ற மருந்து சேர்க்கப்படுகிறது. மாடு தாங்கும் அளவே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும், அதற்கு முறிமருந்தும் இல்லை. தீவன அறை தனியாகப் பூட்டப்படுகிறதா, வாளிகளும் கரண்டிகளும் கலக்காமல் இருக்கின்றனவா என்று கேளுங்கள். “அதெல்லாம் ஒன்றும் ஆகாது” என்று பதில் வந்தால் அந்த இடத்தைக் கைவிடுங்கள்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். நடுநிசியில் குதிரை வயிற்றுவலியில் புரளும்போது உங்களை எட்ட முடியாவிட்டால் மருத்துவரை அழைக்கும் அதிகாரம் யாருக்கு, எவ்வளவு செலவு வரை, அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதமா இல்லையா என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதிக்கொடுங்கள். இரவில் அங்கே யார் படுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். கட்டண உயர்வுக்கும் வெளியேறுவதற்கும் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டண பாக்கி இருந்தால் குதிரையையே பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமையைச் சில இடங்களில் சட்டமே லாயத்தாருக்குக் கொடுக்கிறது.

நிலத்தோடு கூடிய வீடு என்ற ஆசை உங்களுக்கும் இருக்கும். இரண்டு குதிரைகள் வைத்திருப்பவர்களுக்கு அது சில சமயம் உண்மையிலேயே சிக்கனமானது. ஆனால் போய்ச் சேர்ந்த முதல் ஆண்டில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிலம் இருக்கிறது என்பதற்காக அங்கே குதிரை வைக்கலாம் என்று பொருளாகாது. குடியிருப்புப் பகுதிகளில் இத்தனை பரப்புக்கு இத்தனை கால்நடை என்றும், கொட்டிலுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே இவ்வளவு தூரம் என்றும் உள்ளாட்சி விதிகள் இருக்கும். வீட்டுக்காரர் வாய்ச்சொல்லாக “தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்” என்பதை நம்பாமல் உள்ளாட்சி அலுவலகத்திலும், வாடகை ஒப்பந்தத்திலும் எழுத்துப்பூர்வமாகப் பெற வேண்டும். நன்கு புல் வளரும் நிலத்திலேயே ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் மேய்ச்சல் வேண்டும், வறண்ட நிலமானால் அந்தக் கணக்கே செல்லாது, ஆண்டு முழுவதும் புல் வாங்க வேண்டியதுதான். ஒரு குதிரை நாளொன்றுக்கு இருபது கிலோவுக்கு மேல் லத்தி போடும் என்பதையும், அது எங்கே போகும் என்பதையும் வீட்டைப் பார்க்கும் அன்றே யோசித்துவிடுங்கள்.

இதற்கு இடைப்பட்ட வழிகள் உண்டு, செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் அவற்றைத்தான் தேட வேண்டும். சில லாயங்களில் வளாகத்திலேயே சிறு வீடு இருக்கும். இரவுக் காவலும் காலைத் தீவனமும் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு அதைக் குறைந்த வாடகையில் விடுவார்கள். வார இறுதியில் கொட்டில் வேலை செய்து கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் பலர் ஒப்புக்கொள்கிறார்கள், விளம்பரத்தில்தான் போட மாட்டார்கள், கேட்க வேண்டும். குதிரையை இழந்தபின் கொட்டிலும் வேலியுமாக நிலத்தைச் சும்மா வைத்திருக்கும் முதியவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். தீவனக் கடைக்காரருக்கு அவர்களைத் தெரியும். இவை எதுவும் தொலைவிலிருந்து தேடிக் கிடைப்பவை அல்ல. ஆகையால் முதல் சில மாதங்களுக்கு ஒரு லாயத்தில் முழுப் பராமரிப்பில் விட்டு, நீங்கள் சிறிய வாடகை வீட்டில் இருந்துகொண்டு, ஊரைப் பழகியபின் நிரந்தர ஏற்பாட்டைத் தேடுவதே சரி.

பயணத்துக்கு முன் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். எல்லை கடக்கும் பயணமானால் உடல்நலச் சான்றிதழும், இடத்தைப் பொறுத்துத் தொற்று இரத்தசோகைக்கான காகின்ஸ் சோதனை முடிவும், குதிரையை அடையாளம் காண அதன் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப்பின் விவரமும் கேட்பார்கள். சோதனை முடிவு வர நாளாகும் என்பதால் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். வண்டிக்குள் தலைக்கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள். குதிரை தலையைத் தாழ்த்தித் தும்மியும் இருமியும்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசையும் சளியையும் வெளியேற்றுகிறது. பல மணி நேரம் தலை நிமிர்ந்தபடியே நின்றால் கிருமிகள் நுரையீரலுக்கு இறங்கி, போய்ச் சேர்ந்த ஓரிரு நாளில் காய்ச்சலாக வெளிப்படும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது வண்டியை நிறுத்தி, தண்ணீர் காட்டி, தலையைத் தாழ்த்த விடுங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டும் பயணமானால் வழியில் ஓர் இரவு இறக்கித் தங்கவைக்க இடம் பேசிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் பெண் குதிரை படுத்திய பாடு கொஞ்சமல்ல. வழியில் வைத்த வாளியில் மூக்கை நீட்டும், மேற்பரப்பில் ஒருமுறை ஊதும், மேலுதட்டைச் சுருக்கித் தலையைத் திருப்பிக்கொள்ளும். தாகம் இல்லாமல் அல்ல, அந்தத் தண்ணீரின் வாடை பழக்கமில்லை, அவ்வளவுதான். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே குடிநீரில் சிறிது ஆப்பிள் சாறு கலந்து பழக்கிவிட்டால், எந்த ஊர்த் தண்ணீரையும் அதே சுவையாக்கிக் கொடுத்துவிடலாம். பழைய தண்ணீரைக் கேன்களில் கொண்டுபோவதும் உதவும். தீவனமும் அப்படித்தான்: குதிரையின் பெருங்குடலில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் புதிய புல்லுக்குப் பழக நாளாகும் என்பதால், பத்துப் பதினைந்து நாளுக்கான பழைய புல்லை உடன் ஏற்றிச் சென்று, புதியதைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கலந்து கொடுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் கோளாறு வந்தால் அது எளிதில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

போய்ச் சேர்ந்ததும் இரண்டு மூன்று வாரம் மற்றக் குதிரைகளிடமிருந்து தனியே வைக்கச் சொல்லும் லாயத்தைக் கண்டால் எரிச்சல்படாதீர்கள், அதுதான் நல்ல லாயம். தொண்டைக் கட்டிகளை உண்டாக்கும் ஸ்ட்ராங்கில்ஸ் நோய் தொற்றிய பின் வெளிப்பட 3 முதல் 14 நாள் வரை ஆகலாம், அதற்கு முதல் அடையாளம் காய்ச்சல். அந்த நாட்களில் காலையும் மாலையும் வெப்பநிலையைப் பாருங்கள், 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மருத்துவரை அழையுங்கள்.

வயதான குதிரையைப் பற்றி: பல்லும் மூட்டும் இதயமும் பயணத்தைத் தாங்குமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களும் நானும் அல்ல. தாங்கும் என்றால் கூட்டிச் செல்லுங்கள். குதிரை மந்தையோடு வாழும் பிராணி. பல ஆண்டு கூடவே இருந்த இரண்டைப் பிரித்தால் இரண்டுமே தீவனத்தை விட்டுவிட்டு வேலியோரம் நடையாய் நடக்கும், அந்த நிலையில் இளையதைப் புது ஊரில் பழக்குவது இரட்டிப்பு வேலை. தாங்காது என்றால், தெரிந்த குடும்பத்தில் இன்னொரு குதிரைக்குத் துணையாக விட்டு மாதச் செலவை அனுப்புவது நல்லது, வயதான குதிரைக்குச் சந்தையில் நல்ல கைகள் கிடைப்பது அரிது. அப்படியும் விற்றே ஆக வேண்டுமென்றால் புறப்படும் தேதிக்கு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள். நீங்கள் அவசரத்தில் இருப்பது தெரிந்தால் விலையும் இறங்கும், வாங்க வருகிறவர் யாரென்று விசாரிக்க உங்களுக்கு நேரமும் இருக்காது.